எஃப்.ஏ. தேர்வில் தோற்ற ராமானுஜன்: கல்லூரியை விட்டுப் போகும் மாணவரை யார் பிடித்து நிறுத்துவது?

கணித மேதை ராமானுஜனைப் பற்றி உங்களுக்கு என்னவெல்லாம் தெரியும்? கும்பகோணம், ஹார்டி, கேம்பிரிட்ஜ், 1729 என்ற எண், 32 வயதில் மரணம். கூடவே இன்னொன்றும் காதில் விழுந்திருக்கும்: அவர் காலேஜில் ஃபெயில் ஆனவர். மோட்டிவேஷன் பேச்சுகளில் இதைப் பெருமையாகவே சொல்வார்கள். திறமை இருந்தால் போதும், டிகிரி எதுக்கு என்று முடிப்பார்கள்.

உண்மையில் நடந்தது கிட்டத்தட்ட அதற்கு நேர்மாறானது. அந்த டிகிரி இல்லாததால் அவர் சுமார் ஐந்தாறு வருடம் வேலையும் இல்லாமல், வருமானமும் இல்லாமல் அலைந்தார். அவரைக் கைவிட்டது ஒரு உதவித்தொகை விதி, ஒரு ஃபீஸ், ஒரு வருகைப் பதிவேடு, ஒரு தேர்வு முறை. இன்று பாலக்காடு சித்தூர் பகுதியிலோ, இடுக்கி தேவிகுளம், பீர்மேடு பக்கமோ தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குள் நுழையும் ஒரு மாணவர், இதே நான்கையும் வேறு வடிவத்தில் சந்திக்கிறார். அதனால்தான் இந்தக் கதையை அந்தக் கோணத்தில் ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கிறது.

பள்ளியில் முதலிடம்

ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், அம்மாவின் பிறந்த வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில். அப்பா சீனிவாச அய்யங்கார் ஜவுளிக்கடையில் கணக்கர். மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடி வரும் சிறு தொகையும் வீட்டுக்கு உதவியது. வெளியூர் மாணவர்களுக்கு வீட்டிலேயே தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து ஓரளவு சமாளித்தார்கள்.

1897-ல் தொடக்கப் பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதலிடம். பிறகு டவுன் ஹைஸ்கூல். அங்கே ஆசிரியர்களுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். 1904-ல் பள்ளி முடிக்கும்போது கணிதப் பரிசு வாங்கினார். அடுத்து கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு இடம். அதுவரை எல்லாம் நேர்கோட்டில்தான் போனது.

இடையில் 1903 வாக்கில் ஒரு புத்தகம் அவர் கைக்கு வந்திருந்தது. ஜி.எஸ். கார் என்ற ஆங்கிலேய டியூட்டர் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்காகத் தொகுத்த கணிதக் கையேடு. ஆயிரக்கணக்கான தேற்றங்கள் இருக்கும், விளக்கம் மிகக் குறைவு. ராமானுஜன் அவற்றை ஒவ்வொன்றாகத் தானே நிறுவிப் பார்க்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு வேறு எந்தப் பாடத்திலும் மனம் நிற்கவில்லை.

கல்லூரியில் எங்கே இடறியது?

அந்தக் காலத்தில் பட்டப்படிப்புக்கு முன்னால் எஃப்.ஏ. என்ற இரண்டு வருடப் படிப்பு. கணிதத்தோடு ஆங்கிலம், சமஸ்கிருதம், உடலியல், கிரேக்க ரோமானிய வரலாறு எல்லாம் படித்தாக வேண்டும். எல்லாவற்றிலும் தேறினால்தான் தேர்ச்சி. ஒன்றில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் இன்னொன்றில் விழுந்தால் மொத்தமும் போச்சு. இன்றைக்கு மாதிரி ஒரு பேப்பரை மட்டும் அரியராக வைத்து மேலே போகிற வசதி கிடையாது.

பாலக்காடு அப்போது மதராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1888-ல் இரண்டாம் நிலைக் கல்லூரியான பாலக்காடு விக்டோரியா கல்லூரி மாணவர்களும் மதராஸ் பல்கலைக்கழகத்தின் இதே எஃப்.ஏ.வைத்தான் எழுதினார்கள். அதாவது இது கும்பகோணத்தின் பிரச்சினை மட்டும் இல்லை, முறையே அப்படித்தான் இருந்தது.

ராமானுஜன் ஆங்கிலக் கட்டுரைத் தேர்வில் தேறவில்லை. அடுத்த வகுப்புக்குப் போக முடியவில்லை, உதவித்தொகை கட் ஆனது. கவனியுங்கள், அவர் இன்னும் கல்லூரியை விட்டு வெளியேற்றப்படவில்லை. ஆனால் இனிமேல் ஒரு பருவத்துக்கு 32 ரூபாய் ஃபீஸ் கட்ட வேண்டும். அது அப்பாவின் ஒன்றரை மாதச் சம்பளம். அம்மா முதல்வரை நேரில் பார்த்து முறையிட்டதாக வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. விதி விதிதான் என்ற பதிலே கிடைத்தது.

கொஞ்ச நாள் ஃபீஸ் கட்டி வகுப்புக்குப் போனார். 1905 ஆகஸ்டில், 17 வயதில், வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயில் ஏறிவிட்டார். பையனைக் காணவில்லை என்ற செய்தி செப்டம்பர் தொடக்கத்தில் தி ஹிந்து பத்திரிகையில் வந்தது. பிறகு ஊர் திரும்பி மறுபடி கல்லூரியில் சேர்ந்தார். ஆனால் விட்டுப்போன நாட்களால் வருகைப் பதிவு குறைந்துவிட்டது. அந்தப் பருவத்துக்கான சான்று கிடைக்கவில்லை. கும்பகோணம் கல்லூரி அத்தோடு முடிந்தது.

இந்த வரிசையை ஒரு நிமிடம் பாருங்கள். ஒரு பாடத்தில் தோல்வி. அதனால் உதவித்தொகை போகிறது. அதனால் ஃபீஸ் சுமை. அதனால் வெட்கமும் மன உளைச்சலும். அதனால் வகுப்புக்குப் போகாமை. அதனால் வருகைக் குறைவு. கடைசியில் படிப்பே போகிறது. பெரும்பாலும் யாரும் ஒரே நாளில் காலேஜை டிஸ்கன்டினியூ செய்வதில்லை. இப்படிப் படிப்படியாகத்தான் நடக்கிறது. ஒவ்வொரு படியிலும் யாராவது ஒருவர் கை கொடுத்திருக்க முடியும்.

இரண்டாவது வாய்ப்பும் போனது

1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரி. இங்கே சூழ்நிலை கொஞ்சம் நன்றாகவே இருந்தது. கணிதப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியார் அவருடைய திறமையைப் புரிந்துகொண்டார். ஆனால் சில மாதங்களில் கடும் வயிற்றுப்போக்கு வந்து ராமானுஜன் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. 1906 டிசம்பரில் எஃப்.ஏ. எழுதினார், தேறவில்லை. 1907-ல் தனித்தேர்வராக மறுபடி எழுதினார், அப்போதும் தேறவில்லை. கணிதத்தில் சிக்கல் இல்லை, உடலியல் மாதிரியான பாடங்கள்தான் காலை வாரின.

அடுத்த மூன்று வருடங்கள் அவருடைய வாழ்க்கையில் மிக மோசமானவை. டியூஷன் எடுத்துப் பார்த்தார், அதிலும் நிலைக்கவில்லை. காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முடிவை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார். 1909-ல் ஜானகியோடு திருமணம் நடந்தது. 1910-ல் ஒரு அறுவை சிகிச்சை. வீட்டுப் பொறுப்பு கூடிக்கொண்டே போனது, கையில் மட்டும் ஒரு சான்றிதழும் இல்லை.

பின்னாளில் ஹார்டி இதைப் பற்றி யோசித்தபோது, ராமானுஜன் சின்ன வயதில் இறந்ததைவிட இந்த வருடங்கள் வீணானதையே பெரிய இழப்பாகக் கருதினார். 18 வயது முதல் 25 வரை ஒரு கணித அறிஞரின் முக்கியமான காலம், அது போனால் போனதுதான் என்பது அவர் எண்ணம். அதே 18 முதல் 25 வரைதான் நம் மாணவர்கள் கல்லூரியில் இருக்கும் வயது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்போ அவரை மீட்டது எது?

ராமானுஜனே போய்க் கதவு தட்டினார். தன் நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு 1910 வாக்கில் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயரைப் பார்த்தார். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர் இவர். அவர் மூலமும், கும்பகோணத்தில் கற்பித்திருந்த சேஷு ஐயர் மூலமும், நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ் வரை விஷயம் போனது. ராவ் மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்து, சென்னையில் இருந்து கணக்கு மட்டும் பார்க்கச் சொன்னார்.

1911-ல் அவருடைய முதல் கட்டுரை இந்தியக் கணிதச் சங்க இதழில் வந்தது. ஆனால் தனிமனிதர் பணத்தில் எத்தனை நாள் வாழ்வது? 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுக டிரஸ்டில் மாதம் 30 ரூபாய்க்கு கிளார்க் வேலையில் சேர்ந்தார். அங்கே அவருடைய மேலதிகாரி எஸ். நாராயண ஐயரும் கணிதம் தெரிந்தவர். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருக்கு ஆதரவாக நின்றார். வேலை நேரம் போக மீதி நேரத்தில் கணக்கு.

1913 ஜனவரி 16 அன்று ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன் வேறு இரண்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர்களிடம் முயன்று பலன் கிடைக்கவில்லை. ஹார்டி கவனித்தார். கிட்டத்தட்ட அதே நேரத்தில் வானிலை ஆய்வுத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கரும் சென்னையில் அவருடைய நோட்டுகளைப் பார்த்துவிட்டு, பல்கலைக்கழகம் இவருக்கு உதவ வேண்டும் என்று எழுதினார்.

விதியை வளைத்த பல்கலைக்கழகம்

எல்லோரும் ஹார்டியைக் கொண்டாடுகிறோம். ஆனால் நம் விஷயத்துக்கு முக்கியமான நாள் 1913 ஏப்ரல் 7. அன்றுதான் மதராஸ் பல்கலைக்கழக சிண்டிகேட் ராமானுஜனுக்கு இரண்டு வருடத்துக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்க முடிவு செய்தது. விதிப்படி முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்குத்தான் அந்த உதவித்தொகை. ராமானுஜனிடம் எஃப்.ஏ.கூட இல்லை. கூட்டத்தில் எதிர்ப்பு எழுந்தது. ஆராய்ச்சியை வளர்ப்பது பல்கலைக்கழகத்தின் நோக்கங்களில் ஒன்று என்று சட்டத்திலேயே இருக்கும்போது, அந்த நோக்கத்துக்கு விதி குறுக்கே நிற்கக் கூடாது என்ற வாதம் வென்றது.

பணத்தோடு ஒரு கடமையும் வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ராமானுஜன் தன் வேலையைப் பற்றி அறிக்கை கொடுக்க வேண்டும். அவரும் கொடுத்தார். அதாவது பல்கலைக்கழகம் காசு கொடுத்து ஒதுங்கிவிடவில்லை. என்ன செய்கிறார் என்று தொடர்ந்து கேட்டது.

1914 மார்ச் 17 அன்று கப்பல் ஏறினார். ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகையை மதராஸ் பல்கலைக்கழகமே கொடுத்தது, ட்ரினிட்டி கல்லூரி தன் பங்குக்குச் சேர்த்தது. கேம்பிரிட்ஜும் வழக்கமான தகுதிச் சான்றுகளை வற்புறுத்தாமல் சேர்த்துக்கொண்டது. 1916 மார்ச்சில், ஆராய்ச்சியின் அடிப்படையில், கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் வழங்கியது. கல்லூரியில் முதலில் காலடி வைத்து 12 வருடம் கழித்து ராமானுஜன் பட்டதாரி ஆனார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், அதே ஆண்டு ட்ரினிட்டி ஃபெல்லோ.

ஆனால் அங்கேயும் எல்லாம் சரியாக இல்லை. போர்க்காலம், குளிர், சைவச் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு, பேச ஆள் இல்லாத தனிமை. 1917 முதல் நோய். மருத்துவமனைகளில் மாறி மாறி இருந்தார். 1919 மார்ச்சில் இந்தியா திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் காலமானார். படிப்புக்குப் பணம் ஏற்பாடு செய்துவிட்டால் போதாது, சாப்பாடும் உடம்பும் மனசும் சேர்ந்துதான் ஒரு மாணவர் என்பதை இந்தப் பகுதி சொல்கிறது.

எல்லைப் பகுதி மாணவருக்கு இது எப்படிப் பொருந்துகிறது?

சேர்க்கையில் நம் இரண்டு மாநிலங்களும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. மத்திய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, மொத்தச் சேர்க்கை விகிதம் நாட்டில் 28.4, கேரளத்தில் 41.3, தமிழ்நாட்டில் 47. ஆனால் இந்த எண் கல்லூரியில் இருப்பவர்களைக் கணக்கிடுகிறது. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே வந்தார்கள் என்பது வேறு கேள்வி. ராமானுஜனும் 1904-ல் சேர்க்கைக் கணக்கில் வந்திருப்பார்!

பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழ் பேசுவோர் கணிசமாக இருக்கிறார்கள். அரசுத் தமிழ் வழிப் பள்ளிகள் இருக்கின்றன. 1947-ல் தொடங்கிய சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறையும் உண்டு. மூணாறில் அரசுக் கல்லூரி இருக்கிறது. 2018 மழையில் ஏற்பட்ட நிலச்சரிவு அந்தக் கல்லூரியின் கட்டடங்களையும் சேதப்படுத்தியது. சிலர் கோவைக்கும் தேனிக்கும் இறங்கிப் போய்ப் படிக்கிறார்கள். இவர்களுக்கு வரும் சிக்கல்கள் மூன்று.

முதலாவது, மொழி. பள்ளியில் தமிழ், வகுப்பறையில் ஆங்கிலம், அலுவலகத்திலும் நண்பர்களிடமும் மலையாளம். முதல் செமஸ்டரில் ஆங்கிலத் தாளில் சறுக்கினால் அதைத் திறமைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. ராமானுஜனுக்கும் முதல் சறுக்கல் ஆங்கிலக் கட்டுரையில்தான்.

இரண்டாவது, உதவித்தொகை விதி. தமிழ்நாட்டின் புதுமைப் பெண் திட்டமும் (2022), தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024) கல்லூரி மாணவருக்கு மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. நோக்கமே மாணவர்களைப் படிப்பில் நிறுத்திவைப்பதுதான். ஆனால் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை தமிழ்நாட்டின் அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். மூணாறில் கேரள அரசின் தமிழ் வழிப் பள்ளியில் படித்துவிட்டுத் தேனியில் கல்லூரி சேரும் பெண்ணுக்கு அது பொருந்தாது.

மூன்றாவது, சான்றிதழ். பட்டியல் சாதிச் சான்று மாநிலத்தோடு கட்டப்பட்டது. 1950-ல் குடியரசுத் தலைவர் ஆணை வந்தபோது குடும்பம் எந்த மாநிலத்தில் நிரந்தரமாக வசித்தது என்பதே அடிப்படை. மூன்று, நான்கு தலைமுறையாகத் தேயிலைத் தோட்ட லயத்தில் வாழ்ந்த குடும்பத்திடம் அந்தக் காலத்து நிலப் பத்திரம் எப்படி இருக்கும்? வீடே கம்பெனியுடையது. சான்று கிடைக்காவிட்டால் கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் கிடைக்காது.

எது வேலை செய்கிறது?

உலகத்தில் இதற்கு ஆதாரத்தோடு ஒரு பதில் இருக்கிறது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-ல், தன் இரண்டு ஆண்டுக் கல்லூரிகளில் ஏசாப் என்ற திட்டத்தைத் தொடங்கியது. மாணவருக்கு மீதமிருக்கும் ஃபீஸை ஏற்றுக்கொள்வது, புத்தகத்துக்கு உதவி, பயண பாஸ், அடிக்கடி சந்திக்கும் ஆலோசகர், தேவைப்பட்டால் டியூஷன். பதிலுக்கு மாணவர் முழுநேரமாகப் படிக்க வேண்டும், ஆலோசகரைத் தவறாமல் பார்க்க வேண்டும். 2015-ல் வெளிவந்த ஆய்வில், மூன்று ஆண்டுகளுக்குள் பட்டம் பெற்றவர்கள் திட்டத்தில் இருந்தோரில் சுமார் 40 சதவீதம், இல்லாதோரில் சுமார் 22 சதவீதம். இரண்டு குழுக்களும் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவை என்பதால் இந்த வித்தியாசத்தை நம்பலாம்.

1913-ல் மதராஸ் பல்கலைக்கழகம் ராமானுஜனுக்குச் செய்ததும் சிறிய அளவில் இதுதானே? பணம், நேரம், விதியில் தளர்வு, தொடர் கண்காணிப்பு. ஒரே குறை, அது எட்டு வருடம் தாமதமாக வந்தது. அதுவும் ஒரே ஒருவருக்கு.

நீங்கள் என்ன செய்யலாம்?

நீங்கள் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்குபவர். ஊரில் தம்பியோ, தங்கையோ, பழைய பள்ளி மாணவரோ முதல் வருடம் படித்துக்கொண்டிருக்கலாம்.

முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் போன் பண்ணுங்கள். பாஸா, ஃபெயிலா என்பதோடு நிறுத்தாமல், வகுப்புக்கு ஒழுங்காகப் போகிறாயா என்று கேளுங்கள். வருகைக் குறைவு ரிசல்ட்டுக்கு முன்பே தெரியும் அறிகுறி.

உதவித்தொகை தொடர என்ன நிபந்தனை என்பதைச் சேரும்போதே படித்துச் சொல்லுங்கள். கிடைத்த உதவி எப்போது நிற்கும் என்பது அந்தத் தேதி வரும்வரை பலருக்குத் தெரியாது.

படிப்பை நிறுத்தியே ஆக வேண்டும் என்றால், சேர்த்த கிரெடிட்டுகளைப் பதிவு செய்துவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். 2021 முதல் யுஜிசியின் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் இருக்கிறது. பின்னால் திரும்பி வர அது உதவும். ராமானுஜனுக்கு அப்படி ஒரு கணக்கு இல்லாததால், ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தார்.

அலுமினி குழுவில் பணம் திரட்டினால், ரேங்க் வாங்கியவருக்குப் பரிசு கொடுப்பதோடு, ஒரு பருவ ஃபீஸ் கட்ட முடியாமல் நிற்பவருக்கும் ஒரு பங்கு வையுங்கள். 32 ரூபாய் எவ்வளவு பெரிய தொகையாக மாறும் என்று பார்த்தோம்.

இதை ராமானுஜனே யோசித்திருக்கிறார். 1919 ஜனவரியில், இங்கிலாந்தில் நோயோடு இருந்தபோது, இந்தியா திரும்பியதும் ஆண்டுக்கு 250 பவுண்டு தருவதாக மதராஸ் பல்கலைக்கழகம் அறிவித்ததற்கு நன்றி சொல்லி அதன் பதிவாளருக்குக் கடிதம் எழுதினார். தன் செலவும், பெற்றோருக்குத் தரும் 50 பவுண்டும் போக மீதியைக் கல்விக்குப் பயன்படுத்தும்படி அதில் கேட்டுக்கொண்டார். குறிப்பாக, ஏழை மாணவர்களுக்கும் அனாதைப் பிள்ளைகளுக்கும் பள்ளி ஃபீஸைக் குறைக்கவும், புத்தகம் வாங்கவும். அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார். அவர் கேட்டது இன்றும் செய்யக்கூடிய வேலைதான், பெரிய தொகைகூடத் தேவையில்லை.